மூச்சு விடும் சட்டை

அம்மா கடைசியாகச் செய்த வேலை, ஒரு வெள்ளைச் சட்டைக்குக் கடைசிப் பொத்தானைத் தைத்து நூலைப் பல்லால் கடித்தது. சட்டையைக் கொக்கியில் மாட்டிவிட்டு, "டீ போடு, வந்துட்டேன்" என்று உட்கார்ந்தவள் பிறகு எழவில்லை. அடக்கம் முடிந்து மகள் தையல்கடையைத் திறந்தபோது சட்டைக்குள் மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. தலை இல்லை, விரல்கள் இல்லை. ஆனால் மார்பு ஏறி இறங்கியது, தோள்கள் நிறைந்திருந்தன. பக்கத்துக் கடைச் செருப்புக்காரர் எட்டிப் பார்த்து, "காலர் நல்லா நிக்குதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

யாரும் அளவு கொடுக்காத சட்டை அது. அளவு பார்க்காமல் அம்மா வெட்டினால் இடது கை ஒரு விரற்கடை நீண்டுதான் வரும். வாடிக்கையாளர்கள் முணுமுணுப்பார்கள், அம்மா மடித்துத் தைத்துக் கொடுப்பாள். தொழிலே அப்படித்தான் போலிருக்கிறது என்று மகளும் இருபது வருடமாக அதே தப்பைச் செய்துவந்தாள். அந்த நீண்ட கை இப்போது சுருக்கமே இல்லாமல் நிறைந்து தொங்குவதைக் கண்டதும் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மாவின் கத்தரிக்கோல் இத்தனை காலமும் ஒரே ஆளுக்காகத்தான் ஓடியிருக்கிறது. அப்பா யாரென்று எப்போது கேட்டாலும் "சாப்பாடு ஆறுது, சாப்பிடு" என்ற பதில் தவிர வேறெதுவும் அவளுக்குக் கிடைத்ததில்லை.

அன்றே ஒரு குப்பியில் எச்சிலைத் துப்பி மரபணுப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினாள். மூன்று மாதம் கழித்து, அப்பா வழியில் அத்தை முறையாக ஒருத்தி இருக்கிறாள் என்று பதில் வந்தது. அத்தை பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். விஷயத்தைத் தொலைபேசியில் கேட்டவள் வண்டியே அதிரும்படி சிரித்தாள். "எனக்கு மூணு அண்ணனுங்கடி! எவன் செஞ்ச வேலைன்னு தெரியலையே. கிளம்பி வா, பாத்துடலாம்." சட்டையோடு மகள் அத்தையின் ஊருக்குப் பேருந்து ஏறினாள். மூச்சு விடுவது எதுவானாலும் ஆள்தான் என்று நடத்துநர் சட்டைக்கும் சீட்டு கிழித்தார்.

அத்தை வீட்டுக் கதவில் சட்டையைத் தொங்கவிட்டார்கள். ரொட்டிக்கடை வைத்திருக்கும் பெரியண்ணன் மறுபடி மறுபடி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். கடிகாரம் பழுது பார்க்கும் நடுவண்ணன், "நான் அந்த ஊருக்கே போனதில்ல" என்று யாரும் கேட்காமலே சொன்னார். அத்தை சட்டையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். இடது தோள் மட்டும் தாழ்ந்திருந்தது, இல்லாத வாளி ஒன்றைத் தூக்கி நிற்பதுபோல. "அடப்பாவி! பெயின்ட் வாளிய சுமந்து சுமந்து கையே நீண்டுபோச்சுன்னு கேலி பண்ணுவோமே. இது சின்னண்ணன் நிக்கிற நிப்பு!"

"இருக்காரா?" என்று அவள் கேட்டாள்.

"இருக்காராவா? பின் தெருவுல சுவருக்குப் பெயின்ட் அடிச்சிட்டிருக்கான், ஓடு!"

செருப்பை மறந்து ஓடினாள். கையிலிருந்த சட்டையும் அவளுக்குச் சமமாக இரைத்தது. மூன்றாம் மாடிச் சாரத்தில் நரைத்த ஒருவர் மஞ்சள் வர்ணம் பூசிக்கொண்டிருந்தார்.

"சார், கொஞ்சம் இறங்கி வாங்க. சட்டை ரெடி."

"நான் தைக்கவே குடுக்கலையேம்மா?"

"எங்கம்மா தெச்சது."

அவர் கீழே பார்த்தார். சட்டையின் இடது கை மெல்ல உயர்ந்தது. இறங்கி வர அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. "அளவெடுக்கறப்ப அவ டேப்பையே பாக்கமாட்டா, என் மூஞ்சியத்தான் பாப்பா" என்றார். வெளியூர் வேலை ஒன்றை முடித்துத் திரும்பி வந்தபோது கடை இடம் மாறியிருந்ததாம். தேடிக் களைத்தாராம். "நீ ஒருத்தி இருக்கேன்னே தெரியாதும்மா. அவ எங்க?"

அவள் சொன்னாள். அவர் நடுத்தெருவில் வர்ணக் கையோடு அழுதார், பிறகு கையைக் கழுவிக்கொண்டு சட்டையைப் போட்டுக்கொண்டார். இரண்டு மூச்சும் முதலில் முட்டிக்கொண்டன, சாயங்காலத்துக்குள் ஒன்றாகிவிட்டன.

அதற்கப்புறம் வாராவாரம் கடைக்கு வருகிறார். உள்ளே நுழைந்ததும் புழுக்கம் என்று சட்டையைக் கழற்றி மாட்டுவார். அது பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருக்கும், துணி வாங்க வருகிறவர்கள் அதைச் சற்று ஒதுக்கிவிட்டுத் தங்களுடையதை எடுத்துக்கொள்வார்கள். அவள் இன்னமும் அவரை சார் என்றுதான் கூப்பிடுகிறாள்.