தவமலர் சாப்பிட்ட பாலைப்பழச் சட்னி

நாகேஸ்வரி பிறந்ததும் வளர்ந்ததும் வன்னியில், முத்தையன்கட்டுக் குளத்து வாய்க்கால் கரையில். வாழ்க்கைப்பட்டதும் அதே வாய்க்காலின் மறுகரையில்தான். இருந்தாலும் யாராவது ஊரைக் கேட்டால், "எங்கட ஆக்கள் பருத்தித்துறை" என்றுதான் சொல்லுவாள். குளத்துக்குக் கீழே காணி கிடைத்து அவளுடைய தகப்பன் அங்கிருந்து வந்த காலத்தில் அவள் பிறக்கவேயில்லை. அந்த மனிதரே மறந்துவிட்டுச் செத்துப்போன யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறையை மகள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அப்படிப்பட்டவளுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து மகளுக்குச் சம்பந்தம் வந்தால் கால் நிலத்தில் படுமா? தரகர் சின்னராசா கொண்டுவந்த மாப்பிள்ளை நிஷாந்தன் லண்டனில் இருந்தான். பெண் சுமித்திராவைப் பார்க்க அவனுடைய தாய் தவமலர் வெள்ளிக்கிழமை வருவதாக ஏற்பாடு. தவமலர் வருவதற்கு முன்னரே அவருடைய நிபந்தனை வந்து சேர்ந்துவிட்டது. வயலையும் வளவையும் விற்று நல்லூரில் பெண்ணின் பேரில் ஒரு வீடு வாங்கவேண்டும்.

நாகேஸ்வரியின் புருசன் கனகலிங்கம் அதைக் கேட்டுவிட்டு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போனார். சண்டையில் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது பற்றைக்காடாகக் கிடந்த அந்த வயலைத் திருத்தி எடுத்தவர் அவர். இப்போது அதை லாண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு மெசினைப் பிடித்து உழுகிறவள் சுமித்திரா. அவள் தகப்பனைப்போல வாயை மூடிக்கொண்டு போகிறவள் அல்ல.

"காணியை வித்தால் நான் மணவறையில ஏறமாட்டன்" என்றாள்.

"ஏறாமல் ஆரோடை குடும்பம் நடத்தப்போறாய், லாண்ட்மாஸ்டரோடையோ?" என்றாள் நாகேஸ்வரி. "வாற ஆக்களுக்கு முன்னால உழவு, வரம்பு எண்டு கதைச்சியெண்டால் தெரியும்."

வியாழக்கிழமையே லாண்ட்மாஸ்டரைக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் தள்ளி, படங்கு போட்டு மூடச்செய்தாள். செத்த வீட்டில்கூட ஒரு சவத்தை அவ்வளவு கவனமாக மூடமாட்டார்கள். நிபந்தனைக்கு என்ன பதில் என்பதையும் மனதுக்குள் தீர்மானித்துவிட்டாள். ஓம்.

மிச்சம் இருந்தது பலகாரம். வடையும் கட்லெட்டும் எந்த வீட்டிலும் வைப்பார்கள். லண்டன் மாப்பிள்ளையின் தாய்க்கு லண்டன் சாமான் ஒன்று வைக்கவேண்டாமா? தேடிக்கொண்டு போனபோது, லண்டனில் இருக்கும் ஒரு தமிழ்ப் பெண் போனுக்குள் நின்று பழச் சட்னி கிண்டிக் காட்டினாள். "கோடையில என்ன பழம் கிடைச்சாலும் போடலாம், பத்து நிமிசத்தில முடிஞ்சிடும்" என்று அவள் சிரித்த சிரிப்பில் நாகேஸ்வரி விழுந்துபோனாள்.

வளவு மாமரத்தில் குரங்குகள் தின்றதுபோக மிச்சம் கொட்டைதான். மாம்பழம் வாங்கலாம் என்றால், யாழ்ப்பாணத்துக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் தின்று வளர்ந்த தவமலர் நக்கலடிப்பார். அந்த நேரத்தில்தான் மாங்குளச் சந்தியில் பாலைப்பழம் குவித்து விற்பதைக் கண்டாள். காட்டுக்குள் பாலை மரங்கள் மஞ்சளாய்ப் பழுத்துக் கொட்டுகிற காலம். பழம் தேன்தான். ஆனால் அதன் பால் இருக்கிறதே, தின்று முடித்தால் உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். வன்னியில் நடை பழகாத குழந்தைக்கும் இது தெரியும். நாகேஸ்வரிக்கும் தெரியும். ஆனால் அவள் பருத்தித்துறை அல்லவா? பச்சையாகத் தின்றால்தானே ஒட்டும், காய்ச்சினால் பால் செத்துப்போகும் என்று தானே ஒரு விஞ்ஞானம் கண்டுபிடித்தாள்.

வெள்ளி காலை குளித்து, ஈரத்தலையோடு குசினிக்குள் நின்று பழத்தைப் பிதுக்கிக் கொட்டை எடுத்தாள். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டின. சாம்பலும் சவர்க்காரமும் போட்டுத் தேய்த்துவிட்டுப் பழச்சதையை அடுப்பில் வைத்தாள். சீனி, வினாகிரி, இஞ்சி, மிளகாய்த்தூள், கறுவா எல்லாம் போட்டுக் கிண்டினாள். வாசம் வீதிவரைக்கும் போனது.

"நான் ஒருக்கா ருசி பாக்கட்டோ?" என்று சுமித்திரா விரலை நீட்டினாள்.

"சுவாமிக்குப் படைக்க முதல் வாயில வைக்கிறதோ? தள்ளி நில்!"

வெள்ளிக்கிழமைச் சமையலை யாரும் ருசி பார்க்கக்கூடாது. முதலில் பிள்ளையார் படத்துக்கு முன்னால் இலையில் வைக்கவேண்டும். படைத்த பிறகு பார்க்கலாம் என்றால் நாகேஸ்வரி விரதம். கனகலிங்கத்துக்குச் சலரோகம், சீனிப்பக்கம் போகமாட்டார். சுமித்திரா விரலை மறுபடி நீட்டுமுன் வாசலில் வான் வந்து நின்றுவிட்டது. ஆக, அந்தச் சட்னியின் ருசியை அறிந்தவர் பிள்ளையார் ஒருவர்தான். அவர் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கும் திறக்க முடியாமல் இருந்திருக்கலாம்.

தவமலர் தரகரோடு வானிலிருந்து இறங்கும்போதே கேள்வியோடு இறங்கினார்.

"இஞ்ச பாம்பு வாறதோ?"

"இல்லை அக்கா" என்றாள் நாகேஸ்வரி.

"யானை?"

"அது அங்கால காட்டுப்பக்கம்."

"தண்ணியை நம்பிக் குடிக்கலாமோ? சின்னராசா, போத்தில் தண்ணியை எடுங்கோ."

நாகேஸ்வரி எல்லாவற்றுக்கும் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க உள்ளே எங்கேயோ சுருக்கென்று குத்தியது. அதையும் சேர்த்துச் சிரித்தாள்.

சுமித்திரா தேத்தண்ணீர் கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். பார்க்கப்படுகிற பெண் வந்தவர்களோடு இருந்து சாப்பிடுவது வழக்கமில்லை. புதுக் கண்ணாடிக் கிண்ணத்தில் சட்னி வந்தது. சூட்டோடு இருந்ததால் தண்ணியாய், பளபளவென்று, போனில் கண்டதுபோலவே இருந்தது. தவமலர் கட்லெட்டைத் தோய்த்துக் கடித்தார். புருவம் உயர்ந்தது.

"இது உங்கட பக்கத்துச் சாமான் மாதிரி இல்லையே!"

"லண்டன் முறை அக்கா. இன்னும் போடுங்கோ."

தவமலர் போட்டார். பிறகு கட்லெட்டை விட்டுவிட்டு நேரே கரண்டியிலேயே இறங்கிவிட்டார். சின்னராசாவும் பின்நிற்கவில்லை, அவருக்குப் பெண் வீட்டுப் பலகாரம் தொழிலில் ஒரு பங்கு. வாய் நிறைந்த பிறகு தவமலர் விசயத்துக்கு வந்தார்.

"எங்களுக்குச் சீதனம் ஒண்டும் வேண்டாம், தங்கச்சி. சீதனம் கேக்கிற ஆக்கள் நாங்களில்லை. ஒரு வீடு, அவ்வளவுதான். அதுவும் உங்கட பிள்ளையின்ர பேரிலதானே. இந்தக் காட்டை வித்துப்போட்டு வாங்கிறதுக்கு என்ன யோசனை? நீங்கள் ஓமெண்டால், மகன் இப்ப போன் எடுப்பான், சொல்லிப்போடலாம்."

கனகலிங்கம் நிலத்தைப் பார்த்தார். நாகேஸ்வரி 'ஓம்' சொல்ல வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்துத் தவமலரின் போன் அடித்தது. திரையில் நிஷாந்தன்.

"அம்மா, என்னமாதிரி? பொம்பிளையைப் பாத்தாச்சோ?"

தவமலர் கடைசிக் கரண்டியை விழுங்கிவிட்டு வாயைத் திறந்தார். திறந்தார் என்று சொல்வது மரியாதைக்காக. சட்னி ஆறிவிட்டது, பால் தன் குணத்தைக் காட்டிவிட்டது. மேல் கட்டுப்பல்லும் கீழ்க் கட்டுப்பல்லும் ஒன்றாகிவிட்டன.

"ம்ம்ம்" என்றார் தவமலர்.

"அம்மா? நெட் பிரச்சினை போல. சத்தம் வருதில்லை."

"ம்ம்! ம்ம்ம்ம்!"

சின்னராசா போனைப் பறித்தார். வாயால் பிழைக்கிற மனுசன். உதட்டின் ஒரு மூலை மட்டும் திறந்து 'புஸ்' என்று காற்று வந்தது. வேறொன்றும் வரவில்லை. அவர் கண் கலங்கிப் போனைச் சுமித்திராவின் கையில் திணித்தார்.

"நெட் நல்லாத்தான் இருக்கு" என்றாள் சுமித்திரா. "அம்மாவுக்கு வாய் ஒட்டிப்போச்சு. பயப்பிடாதேங்கோ, தேங்காயெண்ணெய் பூசினால் விட்டிடும். நான்தான் பொம்பிளை."

"ஆ... வணக்கம்."

"ஒண்டு கேக்கட்டோ? எங்கட வயலை வித்து நல்லூரில வீடு வேணுமெண்டு நீங்களோ கேட்டனீங்கள்?"

"அது... அம்மாதான்..."

"நீங்கள் இருக்கிறது லண்டனில. கலியாணம் முடிஞ்சால் நானும் லண்டனில. அப்ப நல்லூர் வீட்டில ஆர் இருக்கப்போறது?"

நாகேஸ்வரிக்குத் தலையில் அடித்ததுபோல இருந்தது. இத்தனை நாளாக இந்தக் கேள்வி அவளுக்கு ஏன் வரவில்லை? தவமலர் இரண்டு கையாலும் தாடையைப் பிடித்துக்கொண்டு 'ம்ம்ம்' என்று கதிரையில் துள்ளினார்.

"அம்மாவிட்டப் போனைக் குடுங்கோவன்" என்றான் நிஷாந்தன்.

"அம்மாவால கதைக்க ஏலாது எண்டு சொன்னனானே. நீங்கள் சொல்லுங்கோ. வீடு இல்லாட்டி உங்களுக்கு ஓமோ, இல்லையோ?"

நிஷாந்தன் திரைக்குள் அங்குமிங்கும் பார்த்தான். படித்த பிள்ளை, நல்ல உத்தியோகம், பின்னால் அலுமாரி நிறையப் புத்தகம். மூச்சு விடுகிற சத்தம் மட்டும் முத்தையன்கட்டுவரைக்கும் தெளிவாகக் கேட்டது.

"உங்களுக்கு அங்க ஆர் சட்னி தந்தது?" என்றாள் சுமித்திரா.

கனகலிங்கம் சிரித்துவிட்டார். நிபந்தனை வந்த நாளிலிருந்து அந்த மனிதர் சிரிக்கவில்லை. நாகேஸ்வரி அவரைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், திரைக்குள் இன்னும் தாயைத் தேடிக்கொண்டிருந்த அந்த ஆம்பிளையைப் பார்த்தாள். இதற்காகவா வயலைக் கொடுக்க இருந்தேன் என்று நினைத்தபோது வெட்கம் வந்தது. பின்னாலேயே கோபமும் வந்தது. மகளிடமிருந்து போனை வாங்கினாள்.

"தம்பி, நாங்கள் காணி விக்கப்போறேல்லை. அம்மாவுக்குப் பின்னேரத்துக்குள்ள வாய் திறந்திடும். உங்களுக்குத் திறக்கிற அண்டைக்கு எடுங்கோ."

போனை நிறுத்தித் தவமலரின் மடியில் வைத்தாள். பிறகு தேங்காயெண்ணெய்ப் போத்தல் எடுக்கக் குசினிக்குப் போனாள். அவசரப்பட்டு நடக்கவில்லை.