குரலுக்குத் திறக்கும் கதவு

எங்கள் கதவில் அழைப்பு மணி கிடையாது. எட்டிப் பார்க்கும் துளையை மெழுகு வைத்து அடைத்திருந்தோம். வெளியே நிற்பவள் தட்ட வேண்டும். உள்ளே இருப்பவள், "என்ன கொண்டு வந்தே?" என்று கேட்பாள். "ரொட்டி" என்று பதில் வர வேண்டும். கையில் ரொட்டி இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. பெண் குரலா, தெரிந்த குரலா என்பதைத்தான் கவனிப்போம். படிக்கட்டில் போகிறவர்கள் காதில் விழுந்தாலும் ஏதோ வீட்டுப் பேச்சு என்று போய்விடுவார்கள். தெருவாசலில் தையல் பயிற்சி நிலையம் என்று பலகை தொங்கியது. துனிஸ் நகரத்தில் அப்படிப் பலகைகள் நிறைய உண்டு.

பதில் வராவிட்டால் திறக்கக் கூடாது. எல்லோரும் பின்னறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொள்ள வேண்டும்.

இந்தப் பழக்கம் ஹஸ்னாவால் வந்தது. அடிபட்டு வரும் பெண்கள் தங்கும் எங்கள் இல்லம் பழைய வீட்டில் இருந்தபோது ஒருநாள் அவளுடைய புருஷன் வந்து தட்டினான். யாரென்று கேட்டதற்கு வாயைத் திறக்கவில்லை. புதிதாக வந்திருந்த ஒரு பெண், வெளியே யாரோ பேச முடியாமல் நிற்கிறாள் என்று இரக்கப்பட்டுத் திறந்துவிட்டாள். ஹஸ்னாவின் தாடையில் இருக்கும் தழும்பு அப்போது வந்தது. அதற்குப் பிறகு வீடு மாறியது. அவளுடைய வழக்கு முடியவில்லை, அவளும் எங்களோடுதான் இருக்கிறாள்.

நான் அங்கே வசிப்பவள் இல்லை, வேலை பார்ப்பவள். உயிரியலில் பட்டம் வாங்கி, ஆய்வகங்களின் வாசல்களில் அலைந்து சலித்துப்போய் அந்த வேலையில் சேர்ந்திருந்தேன். தொலைபேசி, மருந்து அலமாரி, பகல் நேரத்துக் கதவு, இவை என் பொறுப்பு. என் குரல் மிகவும் சின்னது. "நஹ்லா, நீ கூப்பிட்டா கொசு கூட திரும்பிப் பாக்காதுடி" என்பாள் மொன்ஜியா அக்கா. கஸ்ஸரீன் பக்கத்து மலையூர்க்காரி. இல்லத்தில் எல்லோரையும் சிரிக்க வைப்பவள் அவள்தான்.

லமீஸை இனேஸ் அழைத்து வந்த அன்று காலையிலிருந்தே மழை. இனேஸ் எங்கள் குழுவில் இளையவள், பல்கலைக்கழகத்தில் பாடம் எடுப்பவள். கதவுக்கு வெளியே அவள்தான் "ரொட்டி" என்று சொன்னாள். நான் திறந்தேன். அவளுக்குப் பின்னால் உயரமாக ஒருத்தி, தலையில் துணி கட்டிக்கொண்டு நின்றாள். இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது. துணி விலகியபோது முடி கண்டபடி வெட்டப்பட்டிருப்பது தெரிந்தது. அண்ணன் வெட்டியதாம். போனையும் பிடுங்கிக்கொண்டானாம்.

"வணக்கம்" என்றாள்.

கனத்த குரல். கூடத்துக்குள் தேநீர்த் தட்டோடு வந்துகொண்டிருந்த ஹஸ்னா அப்படியே நின்றாள். தட்டை மெதுவாகத் தரையில் வைத்தாள். குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

லமீஸ் திருநங்கை. அவளைப் போலீஸிடம் அழைத்துப் போக முடியாது. அடித்தவனை விட்டுவிட்டு அவளைத்தான் உள்ளே வைப்பார்கள், இங்கே சட்டம் அப்படி. தெரிந்தவர்கள் வீடுகளை அண்ணன் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு வந்தான். அன்று இரவு அவளுக்கு எங்கள் இல்லத்தில் கட்டில் கிடைக்குமா கிடைக்காதா என்பதுதான் கேள்வி. கிடைக்காவிட்டால் இனேஸுக்கும் வேறு வழி தெரியவில்லை. அவளுடைய வீடும் அண்ணனுக்குத் தெரியும்.

மதியம் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்தார் சல்வா மேடம். இல்லத்தின் தலைவி, வழக்கறிஞர். இங்கே வசிப்பவர்களைக் கேட்காமல் யாரையும் சேர்ப்பதில்லை என்பது அவர் வைத்த விதி. லமீஸ் சமையலறையில் இருந்தாள். யாரும் சொல்லாமலே ஒற்றைக் கையால் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்திருந்தது. நாங்கள் பேசுவது அவளுக்குக் கேட்கும் என்று எனக்குத் தெரியும். எழுந்து போய்ச் சாத்தலாமா என்று நினைத்தேன். சாத்தினால் அதுவும் ஒரு பதிலாகிவிடும் என்று தோன்றியது. உட்கார்ந்தே இருந்தேன்.

"எனக்கு அந்தப் பொண்ணு மேல ஒண்ணுமில்ல" என்று ஆரம்பித்தார் சல்வா மேடம். "அமைச்சகத்துலேர்ந்து ஆள் வந்தா அடையாள அட்டையைக் கேப்பாங்க. அட்டையில ஆம்பிளைப் பேரு இருக்கு. பெண்கள் இல்லத்துல ஆம்பிளையைத் தங்க வச்சாங்கன்னு ஒரு வரி எழுதினா போதும், நம்ம அனுமதி போச்சு. அப்புறம் இங்க உக்காந்திருக்கிற ஒவ்வொருத்தியும் எங்க போவா?"

"ஒரு காலத்துல சட்டம் நம்மளையும்தான் ஒரு ஆளா மதிக்கல" என்றாள் இனேஸ். "அதுக்காக நீங்க சும்மாவா இருந்தீங்க மேடம்?"

"சும்மா இருக்கல. ஆனா அப்ப நான் பணயம் வச்சது என்னை. இப்ப நீ வைக்கச் சொல்றது இவங்களை."

"அடி வாங்கிட்டு வந்தவளைக் கதவுக்கு வெளியே நிறுத்தி நீ எந்த அளவுக்குப் பொண்ணுன்னு அளந்து பாக்கறதுக்கா இந்த இல்லம்? உள்ள வந்தப்ப உங்களை யாராவது அளந்தாங்களா?" என்றாள் இனேஸ்.

"என்னை அளந்தாங்க" என்றாள் மொன்ஜியா அக்கா. "போர்வை எட்டலை."

சிலர் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. யாரோ எழுந்து, குளிர்காய வைத்திருந்த எரிவாயு அடுப்பைக் கூட்டி வைத்தார்கள். குளிர் அப்படி ஒன்றும் அதிகமில்லை.

"நீ சொல்லு நஹ்லா" என்று மொன்ஜியா அக்கா என் பக்கம் திரும்பினாள். "உசிரைப் பத்தியெல்லாம் படிச்சவதானே. அந்தப் பொண்ணு யாரு? உங்க புஸ்தகம் என்ன சொல்லுது?"

எல்லோரும் பார்த்தார்கள். எனக்குச் சில விஷயங்கள் தெரியும். தாளில் எழுதிக் காட்டக்கூடிய விஷயங்கள். ஒருத்தி அன்று ராத்திரி எங்கே படுப்பாள் என்பது அவற்றில் இல்லை.

"புஸ்தகம் அவ்வளவு சுலபமா எதையும் சொல்லாதுக்கா" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. "என்ன சொன்னா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள். "ஒண்ணுமில்லையாம்" என்று இன்னொருத்தி சொன்னாள்.

கடைசியாக ஹஸ்னா பேசினாள். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நான் கெட்டவ இல்ல. அந்தப் பொண்ணுக்கு என்ன நடந்துச்சோ அதேதான் எனக்கும் நடந்தது. அது எனக்குப் புரியுது. ஆனா அந்தப் பொண்ணு பேசினா, என் கண்ணு தானா ஜன்னலைத் தேடுது. எங்க வழி இருக்குன்னு தேடுது. தலைக்குப் புரியறது உடம்புக்குப் புரியல. நான் என்ன பண்ணட்டும்? இந்த ஒரு வீட்லதான் நான் தூங்கறேன்."

நான் யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னதில் தள்ளிவிடக்கூடியது எதுவும் இல்லை. சமையலறையில் பூண்டு உரிக்கும் சத்தம் நின்றிருந்தது.

சல்வா மேடம்தான் ஒரு வழி சொன்னார். அனுமதி போகும் ஆபத்தை ஒரு வாரத்துக்கு அவர் தாங்கிக்கொள்வார். அதற்குள் வேறு இடம் தேட வேண்டும். லமீஸ் தங்கட்டும். ஆனால் வீட்டுக்குள் பேசக் கூடாது. வேண்டியதைச் சைகையில் கேட்கட்டும்.

"வாயை மூடிட்டு இருந்தா இருக்கலாம்" என்றாள் இனேஸ். "நம்ம அப்பனுங்க, புருஷனுங்க எல்லாம் நம்மகிட்ட சொன்னதும் இதானே மேடம்?"

"தெரியும்" என்றார் சல்வா மேடம். "இதைவிட நல்ல வழி இருந்தா சொல்லு."

இனேஸிடம் இல்லை. ஹஸ்னா ஒப்புக்கொண்டாள். லமீஸ் சமையலறை வாசலுக்கு வந்து நின்றாள். எல்லோரையும் ஒருமுறை பார்த்துத் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல் எனக்குப் பிடிக்கவில்லை. அவளுக்கு அவ்வளவு பழக்கமாக இருந்தது அது.

சாயங்காலம் இனேஸ் அவளை மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். கை எலும்பைப் படம் எடுக்க வேண்டும். மறுநாள் நீதிமன்ற வேலை இருந்ததால் சல்வா மேடமும் கிளம்பிவிட்டார். திரும்பும்போது லமீஸை எப்போதும்போல இரண்டு தெரு தள்ளி மருந்துக்கடை முனையில் இறக்கிவிட வேண்டும், அங்கிருந்து அவள் தனியாக நடந்து வர வேண்டும் என்று இனேஸிடம் சொல்லி அனுப்பினேன். யார் வந்தாலும் வீட்டு வாசலில் வண்டி நிற்கக் கூடாது. லமீஸிடம் தட்டுவதைப் பற்றியும் சொன்னேன். ரொட்டியைப் பற்றிச் சொன்னேன். அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். நான் சொன்னது என்னவென்று என் மண்டைக்கே உறைக்கவில்லை.

மருத்துவமனையில் நேரமாகிவிட்டது. மாலைத் தொழுகைக்கு அழைப்பு வந்து ஓய்ந்தது. தெரு விளக்குகள் எரிந்தன. மருந்துகளை எடுத்து வைக்க நான் பின்னறைக்குப் போனேன். அந்த நேரத்தில் வசிப்பவர்களில் ஒருத்தி சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கதவருகே உட்காருவாள். அன்று ஹஸ்னாவின் முறை.

தட்டும் சத்தம் கேட்டது.

"என்ன கொண்டு வந்தே?" என்றாள் ஹஸ்னா.

பதில் இல்லை.

மருந்துப் புட்டி என் கையில் இருந்தது. அப்போதுதான் உறைத்தது. பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறோம். பேசினால்தான் திறக்கும் கதவு. இத்தனை பேர் உட்கார்ந்து பேசினோம், இதை ஒருத்தியும் யோசிக்கவில்லை.

"என்ன கொண்டு வந்தே?" ஹஸ்னாவின் குரல் மாறியிருந்தது.

மறுபடியும் தட்டல். மெல்ல. பதில் இல்லை.

நாற்காலி விழுந்தது. பெண்கள் பின்னறைக்குள் வந்துவிட்டார்கள். ஒருத்தி குழந்தையின் வாயைப் பொத்தியிருந்தாள். மொன்ஜியா அக்கா எல்லோரையும் உள்ளே தள்ளிவிட்டு, சிரிக்காமல், "நீயும் உள்ள இரு" என்றாள். நான் எதிர்த் திசையில் ஓடினேன். ஓடிக்கொண்டே இனேஸுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. வண்டி ஓட்டிக்கொண்டிருப்பாள்.

ஹஸ்னா கதவை விட்டுத் தள்ளிச் சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். சாவியைக் கைக்குள் இறுகப் பிடித்திருந்தாள்.

"அவன்தான்" என்றாள். "அப்பவும் இப்படித்தான் சும்மா நின்னான்."

"இல்லக்கா. லமீஸ். பேசக் கூடாதுன்னு சொன்னோமே, அதான்."

"உனக்கெப்படித் தெரியும்?"

எனக்குத் தெரியாது. அவளாகத்தான் இருக்க வேண்டும். ஹஸ்னாவின் புருஷனாகவும் இருக்கலாம். லமீஸைப் பின்தொடர்ந்து வந்த அவளுடைய அண்ணனாகவும் இருக்கலாம். துளையை அடைத்தது நானே. அந்த நேரம் படிக்கட்டில் இன்னொரு காலடிச் சத்தம் கேட்டது. கனமான காலடி, நிதானமாக ஏறி வந்தது. எங்கள் தளத்தில் ஒரு கணம் நின்றது. ஹஸ்னா கண்ணை மூடிக்கொண்டாள். காலடி மேலே ஏறிப் போயிற்று. மாடி வீட்டுக்காரர் இருமினார். அவருடைய கதவு சாத்திக்கொண்டது.

நான் கதவில் வாயை வைத்துச் சொன்னேன். "லமீஸ். பேசு."

ஒன்றும் நடக்கவில்லை. கதவுப் பலகை கனம். என் குரல் பாதி வழியிலேயே நின்றிருக்கும். தொண்டையைச் செருமினேன். வாழ்நாளில் யாரையும் பார்த்துக் கத்தியதில்லை.

"லமீஸ், பேசு! நாங்க சொன்னதை விடு. பேசு!"

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. பின்னறையில் குழந்தை அழ ஆரம்பித்தது.

வெளியே மூச்சை இழுக்கும் சத்தம். பிறகு, "ரொட்டி."

கனத்த, மழையில் நனைந்த குரல். ஹஸ்னாவின் தோள் துள்ளியதைப் பார்த்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆண் நிற்பதாகத்தான் அந்த உடம்புக்குத் தோன்றியிருக்கும். கையை நீட்டினேன், சாவிக்காக. பிடுங்கியிருக்கலாம். என்னால் முடியவில்லை. பிடுங்கினால் அவள் இனி இந்த வீட்டிலும் தூங்க மாட்டாள். பிடுங்காவிட்டால் லமீஸ் திரும்பிப் போய்விடுவாள். அடுத்த தெருவில் எவன் நிற்கிறானோ.

ஹஸ்னா சாவியைத் தரவில்லை.

"இன்னொரு தடவை சொல்லச் சொல்லு" என்றாள்.

"இன்னொரு தடவை சொல்லு" என்றேன்.

"ரொட்டி."

ஹஸ்னா சுவரை விட்டு நகர்ந்தாள். அவளே கதவருகே வந்தாள். அவளே கேட்டாள்.

"காலையில என் தட்டை யாரு எடுத்து வச்சது?"

"நான்தான். ஒரு கண்ணாடி டம்ளர் கொஞ்சம் விரிசல் விட்டிருந்தது. குப்பையில போடல. உங்களைக் கேட்டுட்டுப் போடலாம்னு அடுப்பு மேல வச்சேன்."

ஹஸ்னா அந்த நீளமான பதில் முழுவதையும் கேட்டாள். வழுக்கும் வழியில் விழாமல் நடப்பவளைப்போலக் கேட்டாள். பிறகு சாவியைப் பூட்டில் நுழைத்தாள். முதல் தடவை நுழையவில்லை.

லமீஸ் நனைந்து நின்றிருந்தாள். மணிக்கட்டில் மாவுக்கட்டு. அதற்கு மேல் இனேஸின் பிளாஸ்டிக் பை ஒன்றைச் சுற்றியிருந்தாள். உள்ளே வந்ததும் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். பேசலாமா கூடாதா என்று எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஹஸ்னா அவளைப் பார்க்கவில்லை. சாவியைக் கழற்றி என் கையில் வைத்தாள். தன் அறைக்குப் போனாள். உள்ளே தாழ் விழுந்தது.

இரவுச் சாப்பாட்டுக்கு அவள் வரவில்லை. நான் வீட்டுக்குக் கிளம்ப வேண்டிய நேரம் தாண்டியிருந்தது. கிளம்ப மனமில்லை. லமீஸ் மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து பயறுக் கஞ்சியை வலது கையால் ஓசைப்படாமல் குடித்தாள். "உப்பு வேணுமா?" என்று மொன்ஜியா அக்கா கேட்டபோது தலையை மட்டும் ஆட்டினாள்.

ஒரு தட்டை எடுத்துக்கொண்டு ஹஸ்னாவின் கதவைத் தட்டினேன்.

"என்ன கொண்டு வந்தே?" என்று உள்ளேயிருந்து கேட்டாள். பழக்கத்தில் வந்திருக்கும்.

"கஞ்சி" என்றேன்.

தாழ் விலகவில்லை. கதவடியில் அவளுடைய நிழல் தெரிந்தது. நெருங்கி வந்து நின்றிருந்தாள்.

"அந்தப் பொண்ணு சாப்பிட்டுச்சா?"

"சாப்பிட்டுக்கிட்டிருக்கு."

"பேசுதா?"

"இல்லக்கா."

நான் போய்விடலாமா என்று யோசித்தேன்.

"ராத்திரி தண்ணி குடிக்க எழுந்தா, விளக்கைப் போடறதுக்கு முன்னாடி நான்தான்னு சொல்லச் சொல்லு" என்றாள். "சத்தமாவே சொல்லச் சொல்லு. யாருன்னு எனக்குத் தெரியணும்."

தட்டைக் கதவடியில் வைத்துவிட்டு, சமையலறைக்குப் போய் லமீஸிடம் சொன்னேன். அவள் ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"சரி" என்றாள்.

மேசையைச் சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் ஹஸ்னாவின் அறைப் பக்கம் திரும்பினார்கள். நானும் காதைத் தீட்டிக்கொண்டேன். அங்கே எதுவும் நகரவில்லை. பிறகு தாழ் விலகும் சத்தமும், தட்டு உள்ளே இழுபடும் சத்தமும் வந்தன. மறுபடியும் தாழ்.