கொக்கி தேய்ந்த பல்

மேசைமேல் இருந்த கல்துண்டு ஒரு ரம்ப மீனின் மூக்கு. அந்த மீன் பூண்டோடு அழிந்து பல கோடி ஆண்டுகள் ஆகின்றன. நீண்ட மூக்கின் இருபுறமும் ரம்பம்போல் நின்ற பற்கள் கழன்று போகாமல் அப்படியே ஒட்டியிருந்தன. இப்படிக் கிடைப்பது அபூர்வம். பெரும்பாலும் உதிரிப் பற்கள்தான் வரும். அவற்றைப் பார்த்தே இன்ன மீன் என்று சொல்ல வேண்டும்.

அருங்காட்சியகத்தின் பின்னறையில் அவளுக்கு அதுதான் வேலை. லென்ஸில் கண்ணை வைத்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். ஒரே மூக்கில் இரண்டு விதப் பற்கள். சிலவற்றின் நுனியில் தூண்டில்போல ஒரு கொக்கி. மற்றவற்றில் கொக்கி இருந்த இடத்தில் மெல்லிய கீறல்கள் மட்டும். கடலடி மணலைக் கிளறிக் கிளறித் தேய்ந்தவை அவை.

கொக்கியில்லாத பல் தனி வகை மீனுடையது என்று அறிவித்தவர், இதே அறையில் வேலை பார்த்த அவளுடைய மாமனார். அந்த மீனுக்குத் தம் மனைவியின் பெயரை வைத்தார். அப்படி ஒரு மீனே இல்லை என்று இப்போது மருமகள் எழுதியாக வேண்டும்.

"மாமியாரை ஒழிச்சுக் கட்டின மருமகள்னு பேப்பர்லயே போடுவாங்க பாருங்க" என்று பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டில் கணவனிடம் சொன்னாள்.

"அப்பா போய் ஒரு வருஷம்கூட ஆகல. வேற யாராவது எழுதட்டுமே. உனக்கென்ன தலையெழுத்தா?"

"அப்போ அத்தை அதை யாரோ ஒருத்தர் சொல்லிக் கேக்கணுமாங்க?"

அன்று இரவு படுக்கும் முன் 'கடவுளே, உண்மையைச் சொல்லித்தான் ஆகணும். அதைக் கொஞ்சம் மெதுவாச் சொல்ல வழி காட்டு' என்று வேண்டிக்கொண்டாள்.

மறுநாள் காலை, அத்தை துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அத்தையின் கை நின்றது.

"அவரு பொய்யாம்மா எழுதினாரு?"

"சேச்சே, இல்ல அத்தை. அவருக்குக் கிடைச்சது உதிரிப் பல்லு மட்டும்தான். முழு மூக்கு கிடைச்சிருந்தா அவரே கண்டுபிடிச்சிருப்பாரு."

"கல்யாணம் ஆனதுலேருந்து என்னை 'இந்தா', 'இங்க பாரு'ன்னுதான் கூப்பிட்டாரு. ஆசையா என் பேரை எழுதினது அந்த மீனுக்குத்தான். அதையும் நீதான் வந்து அழிக்கணுமா?"

அத்தை மடித்த போர்வையைப் பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அந்தப் பல்லை எனக்குக் காட்டு."

இருவரும் பேருந்தில் போனார்கள். பின்னறையில் அத்தை லென்ஸில் கண்ணை வைத்தாள்.

"ஒண்ணும் தெரியலையே. ஒரே இருட்டு."

"அத்தை, மூடின கண்ணால பாக்கறீங்க. அதைத் திறந்துட்டு இன்னொண்ணை மூடுங்க."

"இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று சிடுசிடுத்தாள். பிறகு நெடுநேரம் மாமனார் பெயர் வைத்த பல்லையும் புதிதாகக் கிடைத்த மூக்கையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"தேஞ்சுதான் போயிருக்கு" என்றாள் கடைசியில்.

பல் இருந்த தட்டில் சிறு காகிதச் சீட்டு ஒன்று. மாமனாரின் சாய்ந்த எழுத்தில் அத்தையின் பெயர். அத்தை அதைத் தொடப்போய்க் கையை இழுத்துக்கொண்டாள்.

"இதைக் குப்பையில போட்டுடுவீங்களா?"

"போட மாட்டோம் அத்தை. பழைய சீட்டை எடுக்கவே கூடாது, அது இங்க வழக்கம். புதுப் பேரைத் தனியா எழுதிப் பக்கத்துல வைப்போம். நானும் தப்பு பண்ணலாமில்ல? நாளைக்கு வர்றவங்க ரெண்டையும் படிச்சுப் பாக்கணும்."

"அப்போ எழுது."

"இன்னைக்கு வேண்டாம் அத்தை."

"என் முதுகுக்குப் பின்னால எழுதினா இன்னும் வலிக்கும். நான் இருக்கும்போதே எழுது."

மருமகள் புதுச் சீட்டு ஒன்றை எடுத்து எழுதத் தொடங்கினாள். மின்விசிறிக் காற்றில் சீட்டு பறக்கப் பார்த்தது. அத்தை முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பியபடியே, ஒரு விரலால் அதன் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.