ஜாம் பாட்டில் விளக்குகள்

கேட்டிலிருந்து வாசல் வரை போகிற சிமெண்டுப் பாதையின் இரு பக்கமும் விளக்கு வைக்கலாம் என்ற யோசனை மச்சினனுடையது. வேலை பார்த்த கேபிள் கம்பெனியை மூடிவிட்டதால் அக்கா வீட்டோடு வந்து தங்கியிருந்தான். வருஷக் கடைசி விடுமுறைக்கு அத்தானுடைய முதலாளி குடும்பத்தோடு சாப்பிட வருகிறார் என்றதும் காலி ஜாம் பாட்டில்களைச் சேர்க்க ஆரம்பித்தான்.

அத்தான் பர்னிச்சர் கடையில் சூப்பர்வைசர். வீட்டிலும் அதே உத்தியோகம்தான். "உன் தம்பி குப்பை பொறுக்கற வேலையில சேர்ந்துட்டான் போலிருக்கு" என்று மனைவியிடம் சொன்னார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மச்சினன் பாட்டில்களை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துப் பால் நிறத்துக்குக் கொண்டுவந்தான். மூடியில் ஓட்டை போட்டு ஒயரை இறக்கி, உள்ளே குட்டி பல்பு மாட்டி, மழைத்தண்ணி போகாதபடி பசை வைத்து அடைத்தான். வளைத்த கம்பிகளைப் பாதையோரம் நட்டு அவற்றில் பாட்டில்களைத் தொங்கவிட்டான். அத்தான் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

விருந்து நாளன்று இருட்டியதும் முதலாளியின் கார் வந்து நின்றது. முதலாளியம்மா கேட்டிலேயே நின்றுவிட்டார். பாதை முழுக்க நிலா வெளிச்சத்தைக் கொட்டி வைத்தாற்போல் இருந்தது.

"யாருய்யா பண்ணினது? கடையில வாங்கினதா?" என்றார் முதலாளி.

"சும்மா, லீவுல பொழுது போகலை. நானே பண்ணினேன்."

எப்படி வாயில் வந்தது என்று அத்தானுக்கே தெரியவில்லை. திரும்பினால், ஜூஸ் தட்டோடு மச்சினன் நின்றிருந்தான். தட்டை நீட்டிவிட்டு ஒன்றும் கேளாதவன்போல் நகர்ந்துபோனான்.

பந்தி பாதியில் இருக்கும்போது வாசல் பக்கத்து விளக்குகள் அணைந்துபோயின. "வாய்யா, உன் வித்தையைப் பார்ப்போம்" என்று முதலாளி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். எல்லோரும் பின்னாலேயே வந்தார்கள்.

சூப்பர்வைசர் குந்தி உட்கார்ந்து ஒரு பாட்டிலைத் திருகினார். வரவில்லை. மறுபக்கம் திருகினார். காது மடல் கொதித்தது.

"அத்தான், விடுங்க, சட்டை அழுக்காயிடும்." மச்சினன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "நீங்க அப்பவே சொன்னீங்க, இந்த ஜாயிண்டு லூசா இருக்குன்னு. நான்தான் சோம்பேறித்தனமா விட்டுட்டேன்."

ஒயரை முறுக்கி டேப் சுற்றினான். விளக்குகள் எரிந்தன. "மச்சினனையும் நல்லாத் தேத்தி வச்சிருக்கே" என்று முதலாளி சிரித்தார். சூப்பர்வைசர் நிமிரவில்லை. நிமிர்ந்தால் மனைவியின் கண்ணைப் பார்க்க வேண்டியிருக்கும். மச்சினன் உண்மையை நாலு பேர் முன்னால் போட்டு உடைத்திருந்தால்கூட இவ்வளவு குன்றியிருக்க மாட்டார்.

கிளம்பும்போது முதலாளி, "நம்ம ஷோரூம் வாசலுக்கும் இதே மாதிரி போட்டுக் குடுத்துடு" என்றார்.

"சார், இது என் கைவேலை இல்லை. எல்லாம் இவன் பண்ணினது."

"பாத்தியா, இந்த அடக்கம்தான் உன்கிட்ட எனக்குப் புடிச்சது."

அப்படியே விட்டுவிடவும் வழி இருந்தது. மச்சினன்கூட வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டினான்.

"அடக்கம் இல்லை சார். நான் பொய் சொன்னேன். இதுல ஒரு ஒயரைக்கூட நான் தொடலை."

முதலாளியின் சிரிப்பு அடங்கியது. முதலாளியம்மா குனிந்து செருப்பை மாட்டுவதில் மும்முரமானார். "சரி, அப்ப அவரையே வரச் சொல்லு" என்று சொல்லிவிட்டு முதலாளி காரில் ஏறினார்.

"எதுக்கு அத்தான் இப்ப? அதான் நான் சமாளிச்சுட்டேனே" என்றான் மச்சினன், எரிச்சலோடு.

"அதுதாண்டா தாங்கலை."

மச்சினன் அக்காவுக்குப் பாத்திரம் ஒழித்துக் கொடுக்க உள்ளே போனான்.

விடுமுறை முடிந்து கடை திறந்ததும் அவன் ஷோரூம் வாசலில் ஏணி போட்டான். சூப்பர்வைசர் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டார். வேலை முடிந்ததும் முதலாளி வந்து மச்சினனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். சூப்பர்வைசரைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டு உள்ளே போனார். கடைப் பையன்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.