ரேடியோவுக்கும் பாடு

ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் எங்கள் பசியாவரத்துக்குப் பஞ்சாயத்து ரேடியோ வந்த புதிதில் ஆளாளுக்கு அதைத் திருகினார்கள். ஒருவன் மதராஸ் வைத்தால் அடுத்தவன் சிலோனுக்குப் போவான். புயல் செய்தி நேரத்தில் சினிமாப் பாட்டு ஓடும், சண்டை சட்டையைப் பிடிக்கிறவரைக்கும் போகும். கடைசியில் பெரியவர்கள் கூடி, நிலையம் மாற்றுகிற குமிழைக் கழற்றிவிட்டார்கள். சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். அதற்குமேல் பொதுஜனத்துக்கு உரிமை கிடையாது.

குமிழ் யாரிடம் இருப்பது? எங்களுக்குத் தெரிந்த நியாயம் ஒன்றுதான். ஏரியில் இன்ன இடத்தில் இன்று இன்னார்தான் வலை போடலாம் என்ற முறைக்குப் பாடு என்று பெயர். அதையே ரேடியோவுக்கும் வைத்தோம். பாடு இல்லாதவன் நிலையம் மாற்றினால் அபராதம். எங்கள் மூளையே மூளை.

ஐப்பசியில் ஒருநாள் சடையனின் பாடு. வீட்டில் வைத்தால் மச்சான்கள் எடுத்துத் திருகுவார்கள் என்று குமிழை மடியில் கட்டிக்கொண்டு பொன்னேரிக்குப் பெண் பார்க்கப் போய்விட்டான். ரேடியோ சிலோனிலேயே நின்றது. சாயங்காலம் கிழக்கே வானம் கறுத்தது. வீரராகவன் படகு மறுநாள் விடியலில் கடலுக்குப் போவதாக இருந்தது, முனியன் அதில் கூலியாள். ரேடியோ சொன்னால்தான் படகை நிறுத்துவேன் என்று வீரராகவன் சொல்லிவிட்டார்.

முனியன் மனைவி நாகம்மாள் ஏரிச் சேற்றில் கையால் துழாவி நண்டு பிடிக்கிறவள். வானத்தைப் பார்த்துவிட்டு நேரே ரேடியோவிடம் வந்தாள். குமிழ் இல்லாத அந்தத் தண்டு சாதாரண விரலுக்கு அசையாது. குறடு தரட்டுமா என்று யாரோ கேட்டார்கள். குறடு போடுவதும் வலை போடுவதும் ஒன்றுதான், அபராதம் உண்டு என்றார் ஊர்ப் பெரியவர் கங்காதரன்.

"குறடு இன்னாத்துக்கு நைனா? வலைக்குத்தானே பாடு. கையால புடிக்கிறதுக்கு என்னிக்கி பாடு வெச்சீங்க?" என்றாள் நாகம்மாள்.

கையால் பிடிக்கிறவர்களுக்குப் பாடு கிடையாது என்பது கங்காதரனே பலமுறை சொன்ன தீர்ப்பு. நாகம்மாள் தண்டைப் பிடித்துத் திருகினாள். நண்டுக் கொடுக்கோடு மல்லுக்கட்டிய விரல்கள். சிலோன் போய், கரகரத்து, மதராஸ் வந்தது. மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்றது.

வீரராகவன் மறுபேச்சில்லாமல் படகைக் கரையேற்றச் சொன்னார். முனியன் கயிறு பிடிக்க ஓடினான். நாகம்மாள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

காற்று அடித்து ஓய்ந்தபின் சடையன் குமிழோடு வந்து அபராதம் கேட்டான். யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. குமிழ் அதற்குப் பிறகும் முறை தவறாமல் வீடு வீடாகப் போய்வந்தது. ஆனால் வானம் கறுத்தால், குமிழை வைத்திருப்பவனே ரேடியோவைத் திருக நாகம்மாளைக் கூப்பிட ஓடுவான்.