நத்தானியேல் உட்கார்ந்த மேஜை

இளம்பரிதியைச் சூதாடி என்று சொல்லிவிட்டால் போதும், அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "சூதாடி ராத்திரில ஆடுவான், தண்ணியப் போட்டுட்டு ஆடுவான், பொண்டாட்டி தாலிய வெச்சு ஆடுவான். நான் காலைல அஞ்சரைக்குக் குளிச்சிட்டு உக்கார்றேன், பதினோரு மணிக்கு எழுந்துக்கறேன். ஆபீஸ் போறவனுக்கும் எனக்கும் இன்னா வித்தியாசம்?" என்பான். சும்மா சொல்லக் கூடாது, அவன் சொல்வது நிஜம்தான். அமெரிக்காக்காரன் வேலை முடிந்து வீட்டுக்குப் போய், பீரும் கையுமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும்போது காட்பாடியில் பால்காரன் மணி அடிப்பான். அசந்து போனவனிடம், குடித்திருக்கிறவனிடம், விட்டதை இன்றைக்கே எடுத்துவிட வேண்டும் என்று துடிக்கிறவனிடம் பிடுங்குவதுதான் தொழில். போக்கர் என்று பெயர். கையில் ரெண்டு சீட்டு, எல்லாருக்கும் பொதுவாக மேஜையில் அஞ்சு சீட்டு. மிச்சமெல்லாம் எதிராளி நிஜமாகவே சீட்டு வைத்திருக்கிறானா, இல்லை வெறும் பூச்சாண்டி காட்டுகிறானா என்று கண்டுபிடிப்பதில் இருக்கிறது.

மூன்று வருஷமாக அவன் வீட்டில் அடுப்பு எரிவது அதில்தான். கையிருப்பில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் எந்த மேஜைக்கும் கொண்டுபோக மாட்டான். கோபம் வந்தால் அந்த நிமிஷமே கம்ப்யூட்டரை மூடிவிட்டு மொட்டை மாடிக்குப் போய்த் துணி காயப்போடுவான். கோபத்தில் ஆடுகிறவன் சோற்றுக்கு அலைவான் என்பது அவன் போட்டுக்கொண்ட சட்டம். அப்படிப்பட்டவன் ஒரே ஒருத்தன் மேல் மட்டும் பத்து வருஷமாகக் கோபத்தைச் சூடு ஆறாமல் வைத்திருந்தான். அந்த ஒருத்தன் நத்தானியேல்.

ஆம்பூரில் ரஃபி அகமது பாயின் தோல் கம்பெனி. அங்கே செலக்சன் மேஜையில் இளம்பரிதியும் நத்தானியேலும் ஜோடி. பதனிட்ட தோலை ஒருத்தன் விரிப்பான். இன்னொருத்தன் தடவிப் பார்த்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, தரம் சொல்லிப் பின்பக்கம் சாக்பீஸால் நம்பர் போடுவான். ஒன்று என்றால் ஐரோப்பாவுக்கு, அஞ்சு என்றால் உள்ளூர்ச் செருப்புக்கு. மாற்றி மாற்றிச் செய்வார்கள். ஆறு வருஷம் அப்படி நின்றார்கள். நத்தானியேலின் மகள் அக்சாவுக்கு ஞானஸ்நானம் நடந்தபோது பிரியாணிப் பந்தியில் ஓடி ஓடிப் பரிமாறியவனே இளம்பரிதிதான்.

தொண்ணூற்றெட்டில் ஒரு ஜெர்மன் ஆர்டர். சரக்கு போதவில்லை, கப்பலுக்கு நாள் நெருங்கிவிட்டது. சப்ளையர் ஒருத்தனிடம் கைநீட்டி வாங்கிக்கொண்டு, நத்தானியேல் முந்நூறு தோலில் நாலாம் நம்பரை அழித்து ரெண்டு என்று போட்டு உள்ளே தள்ளிவிட்டான். சரக்கு மொத்தமும் திரும்பி வந்தது. பாய் கூப்பிட்டுக் கேட்டார். "நம்பர் போட்டது பரிதி. நான் தோலைத்தான் விரிச்சேன்" என்று ஒரே போடாகப் போட்டான் மகராசன்.

ஷிப்ட் விடுகிற நேரம். முந்நூறு பேர் பார்க்க இளம்பரிதியின் பையைக் கேட்டில் கொட்டிச் சோதனை போட்டு, திருடன் என்று சொல்லிக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். நத்தானியேல் பத்தடி தள்ளித்தான் நின்றான். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான், அவ்வளவுதான். படுபாவி! அதற்கப்புறம் ஆம்பூரிலிருந்து ராணிப்பேட்டை வரைக்கும் ஒரு கம்பெனி அவனை உள்ளே விடவில்லை. அவன் அம்மா எல்லம்மா ரெண்டு வருஷம் தெருக்குழாய்க்கே போகவில்லை, பக்கத்து வீட்டுப் பெண்தான் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள்.

காட்பாடிக்கு வந்து ஒரு பிரவுசிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தான். இன்ஜினியரிங் பசங்க ஆடுவதைப் பின்னால் நின்று பார்த்துப் பார்த்தே ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டான். நிஷாவைக் கட்டிக்கொண்டபோது அவள் அதே பாயின் ஷூ செக்சனில் தையல் மிஷினில் இருந்தாள். இத்தனை வருஷமாக ரயிலில் போய் வருகிறாள், புருஷன் யார் என்று அங்கே மூச்சு விட்டதில்லை. அங்கே நத்தானியேல் இப்போது கமர்சியல் மேனேஜர். தனி ரூம், ஏசி, சுழல் நாற்காலி. நிஷா அதைச் சொல்லும்போதெல்லாம் இளம்பரிதி துணியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவான்.

ரெண்டாயிரத்து எட்டு ஆகஸ்டில் ஒருநாள் அவன் மேஜைக்கு 'அக்சாடாட்', அதாவது அக்சாவின் அப்பன் என்று ஒருத்தன் வந்தான். ஊர் சென்னை என்று போட்டிருந்தது. அக்சா என்று நம் பக்கம் எத்தனையோ பிள்ளைகள். ஆனாலும் இவனுக்குச் சுருக்கென்றது. அடுத்த நாளும் வந்தான். சரியாகப் பத்து மணிக்கு லைன் அறுந்து போனான். நாலு நிமிஷம் கழித்துத் திரும்ப வந்தான். மறுநாளும் அதே பத்து மணி, அதே நாலு நிமிஷம்.

அந்த வருஷம் கரண்ட் கட் நம்மை என்ன பாடு படுத்தியது என்று உங்களுக்கு நினைவிருக்கும். ஊருக்கு ஊர் ஒரு நேரம். கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடி, கம்ப்யூட்டர் திரும்ப உயிர் பெற நாலு நிமிஷம் ஆகும் என்பது கம்பெனியில் வேலை பார்த்தவனுக்குத் தெரியாதா?

"உங்க கம்பெனில கரண்ட் எப்ப போவுது?" என்று நிஷாவைக் கேட்டான்.

"பத்துக்கு. ஒண்ணாந்தேதிலேர்ந்து ஒம்பது மணிக்குன்னு சொல்றாங்க."

ஒன்றாம் தேதி அக்சாடாட் ஒன்பதுக்கு அறுந்தான்.

"இன்டர்நெட் யார் யார் ரூம்ல இருக்குது?"

"பாய் ரூம்ல. அவரு கம்ப்யூட்டரத் தொடவே மாட்டாரு. அப்புறம் கமர்சியல் மேனேஜர் ரூம்ல. ஏன் கேக்கற?"

இளம்பரிதி எழுந்து மாடிக்குப் போனான். அன்றைக்கு மொட்டை மாடியில் காயப்போடத் துணி இல்லாமல், காய்ந்ததையே எடுத்து மறுபடி நனைத்துப் போட்டான்.

கோபத்தில் பாய்ந்துவிடவில்லை, அதுதான் அவன் கெட்டிக்காரத்தனம். முதல் ஒரு மாதம் வேண்டுமென்றே தோற்றான். பத்து டாலர், இருபது டாலர் என்று விட்டுக்கொடுத்து அவனைக் குளிப்பாட்டினான். நத்தானியேலுக்குத் தலைகால் புரியவில்லை. 'யூ ஆர் மை ஏடிஎம்' என்று எழுதிச் சிரித்தான். சிரிடா, நல்லா சிரி என்று இவன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ரெண்டே பேர் ஆடுகிற மேஜைக்கு மெதுவாக அழைத்துப் போனான்.

அங்கே போனபிறகு இவனுக்குச் சீட்டே தேவைப்படவில்லை. செலக்சன் மேஜையில் ஆறு வருஷம் எதிரே நின்று பார்த்த ஆள் அல்லவா? சந்தேகமான தோல் வந்தால் நத்தானியேல் யோசிக்கவே மாட்டான், டக்கென்று சத்தமாக "ரெண்டு!" என்பான், எதிரே நிற்பவன் வாயைத் திறக்கக் கூடாது என்று. நிஜமாகவே நல்ல தோல் வந்தால் பேச்சே வராது; திருப்பித் திருப்பித் தடவிக்கொண்டே நிற்பான். மனுஷன் மாறுவானா? கையில் ஒன்றும் இல்லாதபோது கண்ணிமைக்கிற நேரத்தில் பெரிய பந்தயம் வைத்தான். நல்ல சீட்டு வந்தபோது திரையில் ஓடுகிற கடிகாரம் முடிகிற வரைக்கும் யோசித்தான். அவன் யோசித்தால் இவன் சீட்டை மடித்து ஒதுங்கிவிடுவான். அவன் அவசரப்பட்டால் இவன் விடாமல் பிடித்துக்கொள்வான். நவம்பரில் மூன்றே வாரம், பதினாறாயிரம் டாலர். நம் பணத்தில் ஏழே முக்கால் லட்சம். கடைசி நாள் அக்சாடாட் ஆங்கிலத்தில் கெட்ட வார்த்தை எழுதினான், அப்புறம் தமிழிலேயே எழுதினான். இளம்பரிதி அதைப் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டான். அன்றைக்குத் தானே கடைக்குப் போய்க் கறி வாங்கி வந்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நிஷா வேலையிலிருந்து அழுதுகொண்டே வந்தாள்.

"அஃப்ஸர் ஜஹான் அக்கா இல்ல, கேஷியர்? அவங்களத் தொரத்திட்டாங்க. வெளிய ஜாப் ஒர்க் பண்ற ஆளுங்களுக்குத் தர வெச்சிருந்த பணம் ஏழே முக்கால் லட்சம் கொறையுதாம். பீரோ சாவி அவங்க கிட்டதான் இருந்துச்சாம். அவங்கதான் எடுத்தாங்கன்னு நத்தானியேல் சாரே கையெழுத்துப் போட்டு எழுதிக் குடுத்துட்டாரு. புருசன் இல்லாதவங்க. வெள்ளிக்கெழமைக்குள்ள கட்டலன்னா போலீஸ்னு சொல்லிட்டாங்க."

இளம்பரிதி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பாதியில் தட்டைத் தள்ளி வைத்தான்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அவன் அந்த அம்மாவுக்காக உருகினான் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவளை அவன் பார்த்ததுகூட இல்லை. அவன் நெஞ்சில் தைத்தது வேறு. அத்தனை பொறுமையாக வலை விரித்து, அத்தனை அடி அடித்தும், நத்தானியேல் மேல் ஒரு கீறல்கூட விழவில்லையே! அவன் அதே நாற்காலியில் அதே ஏசியில் உட்கார்ந்திருக்கிறான். அடி முழுக்க வேறு யார் முதுகிலோ விழுந்திருக்கிறது. "நாயே, மறுபடியும் தப்பிச்சிட்டியா" என்று வாய்விட்டே சொன்னான். நிஷா திடுக்கிட்டுப் பார்த்தாள். அப்போதுதான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

"அப்ப அந்தப் பணம் நம்ம கிட்டயா இருக்குது?" என்றாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை காலையில் பத்து வருஷம் கழித்து இளம்பரிதி அந்தக் கேட்டில் போய் நின்றான். "பாயப் பாக்கணும். அந்த ஏழே முக்கால் லட்சம் எங்க இருக்குதுன்னு தெரிஞ்சவன் வந்திருக்கான்னு சொல்லு" என்றான். உடனே உள்ளே விட்டார்கள்.

பாய் ரூமில் நத்தானியேலையும் அஃப்ஸர் ஜஹானையும் கூப்பிட்டு நிறுத்தினார்கள். கதவு திறந்தே இருந்தது, வெளியே ஆபீஸ் ஆட்கள் கும்பலாக எட்டிப் பார்த்தார்கள். இளம்பரிதி பிரிண்ட் எடுத்த காகிதக் கட்டை மேஜையில் போட்டான். "பணம் என் கிட்டதான் இருக்குது பாய். இவரு சீட்டாடி என் கிட்ட தோத்தாரு. தேதி, மணி எல்லாம் இதுல இருக்குது. சந்தேகம் இருந்தா இவர் கம்ப்யூட்டரத் தொறந்து பாருங்க."

திறந்தார்கள். அக்சாடாட் என்ற பெயர் திரையில் பல்லிளித்துக்கொண்டு நின்றது. நத்தானியேலின் முகத்தில் ரத்தமே இல்லை. ஒரே ஒரு கணம்தான். டக்கென்று, வெளியே நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னான்: "என்னை மட்டும் ஏன் பாய் கேக்கறீங்க? இவன் என் கூட்டாளி. அப்பவும் கூட்டு, இப்பவும் கூட்டு. தொண்ணூத்தெட்டுல நம்பர் மாத்தினதுல இவனுக்குப் பாதி குடுத்தேன். இப்ப பங்குல தகராறு, அதான் காட்டிக் குடுக்க வந்துட்டான்!"

பாய் இளம்பரிதியைப் பார்த்தார். "உண்மையா?"

இளம்பரிதிக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. இவன் இல்லை என்பான், அவன் ஆமாம் என்பான், இவன் அம்மா மேல் சத்தியம் செய்வான், அவன் பைபிள் மேல் செய்வான். ஒரு மணி நேரம் ரெண்டு பேரும் கட்டிப் புரளுவார்கள். கம்பெனி மானம் போகிறதே என்று பாய் கதவைச் சாத்திச் சமாதானம் பேசுவார். நத்தானியேலுக்கு வேண்டியது அந்தக் குழப்பம்தான். ஆனால் அவசரத்தில் ஒரு காரியம் செய்துவிட்டான்: தொண்ணூற்றெட்டில் நம்பர் மாற்றினேன் என்று தன் வாயாலேயே, இத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டான். அதை ஆமாம் என்று சொல்லிப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். அதற்கு விலை தன் பெயர்தான் என்பதும் இளம்பரிதிக்குத் தெரியும்.

"ஆமா பாய்," என்றான். "கூட்டுதான். அவன் அழிச்சு அழிச்சு எழுதினான், நான் பாதி வாங்கிக்கிட்டேன். எந்தச் சப்ளையர்னு வேணா கேளுங்க, சொல்றேன்."

நத்தானியேல் வாயைத் திறந்தான், மூடினான். மறுபடி திறந்தான். இவன் மறுப்பான் என்ற ஒரே தைரியத்தில் பேசியவன், இப்போது எதை மறுப்பது என்று தெரியாமல் நின்றான். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "பரிதி, டேய், தோஸ்த்து" என்றான். இளம்பரிதி முகத்தைத் திருப்பவில்லை. கண்கொட்டாமல் பார்த்தான்.

பணத்தை முழுசாகத் திருப்பிக் கொடுப்பதாக இளம்பரிதியிடம் எழுதி வாங்கிக்கொண்டு, தானாக வந்து காட்டிக் கொடுத்தவன் என்று விட்டுவிட்டார்கள். அஃப்ஸர் ஜஹானை உள்ளே எடுத்துக்கொண்டார்கள். நத்தானியேலைப் பின்னாலேயே போலீஸ் ஜீப் வந்து ஏற்றிக்கொண்டு போனது. இனி இந்தப் பக்கம் எந்தத் தோல் கம்பெனியின் கேட்டையும் அவனால் மிதிக்க முடியாது. சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் கம்பெனி முழுக்க ஒரே பேச்சு: ரெண்டு திருடனுங்களும் பங்குல அடிச்சிக்கிட்டானுங்களாம். அதில் ஒருத்தன் நம்ம நிஷா புருசனாம். மூன்று மணிக்கு நிஷாவின் கணக்கையும் முடித்து அனுப்பிவிட்டார்கள்.

ஆம்பூர் ஸ்டேஷனில் ரெண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

"செய்யாத தப்ப ஏன் ஒத்துக்கின?" என்றாள் நிஷா. "அந்த அக்காவுக்காகவா?"

"இல்ல."

"பின்ன?"

"நீ அவன் மூஞ்சியப் பாக்கலையே நிஷா" என்றான். அவன் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "பாத்திருக்கணும் நீ."

அவள் பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். பிறகு, "நாளைக்கு யாராவது எங்கிட்ட வந்து, உன் புருசன் அப்ப எடுத்தது நெசமான்னு கேட்டா நான் இன்னா சொல்லட்டும்?" என்றாள்.

"ஆமான்னு சொல்லு. இல்லன்னு மட்டும் சொல்லிடாத. சொன்னா நான் சொன்னது எல்லாமே பொய்யுன்னு காட்டி அவன் வெளிய வந்துடுவான்."

காட்பாடி வண்டி வந்தது. நிஷா எழுந்து, அவனைத் திரும்பிப் பார்க்காமல் நடந்துபோய் லேடீஸ் பெட்டியில் ஏறிக்கொண்டாள். இளம்பரிதி நத்தானியேலின் மூஞ்சியையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வண்டி நகர்ந்த பிறகுதான் எழுந்தான்.