நெருக்கமான மூன்று பேர்

பத்து பெஞ்சு, பெஞ்சுக்கு நாலு பேர், ஆக நாற்பது பேர். பதினோராம் வகுப்பு 'சி' பிரிவில் எல்லாம் அம்சமாகத்தான் இருந்தது, வெங்கடேஸ்வரி வந்து சேர்கிற வரைக்கும். நாற்பத்தோராவது ஆளுக்கு எங்கே போவது? லேபிலிருந்து ஒரு ஸ்டூலைத் தூக்கிவந்து கதவோரம் போட்டு, "கொஞ்ச நாளைக்கு இதுல இரு, பொறவு பாத்துக்கிடலாம்" என்றார் வகுப்பாசிரியை ஞானபாக்கியம் டீச்சர். அது ஜூன் மாதம். இப்போது நவம்பர் பிறந்துவிட்டது. இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

யாராவது அவளைக் கொடுமைப்படுத்தினார்கள் என்று சொன்னால் வாய் அழுகிப்போகும். கிண்டல்கூட யாரும் செய்ததில்லை. செய்திருந்தால் பதிலுக்கு முறைக்கவாவது ஒரு ஆள் கிடைத்திருக்கும். மற்ற பிள்ளைகள் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்து, ஒன்றாகப் பேன் பார்த்து, ஒன்றாக அடி வாங்கி வளர்ந்தவர்கள். இவளோ ஆலங்குளத்தில் பத்தாவது முடித்தவள். அம்மா குருவம்மாளுக்கு ராஜபாளையத்து மில் ஒன்றில் வேலை கிடைத்ததால் இங்கே வந்தாள். அப்பா லாரி ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர். அம்மா ஷிப்ட் முடிந்து வந்தால் தலை சாய்ந்ததும் தூங்கிவிடுவாள். ஒரு நாள் முழுக்க வெங்கடேஸ்வரி பேசுகிற பேச்சைக் கூட்டிப் பார்த்தால், 'உள்ளேன் டீச்சர்' என்பதுதான் அதில் நீளமானது.

இந்த லட்சணத்தில்தான் பாண்டீஸ்வரி அக்கா வந்து சேர்ந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வருகிறவள், வளரிளம் பிள்ளைகளின் வாழ்க்கையைப் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கப் போகிறவள். ஆளுக்கு நாலு பக்கத்தில் ஒரு கேள்விப் படிவம் கொடுத்தாள். எத்தனை மணிக்கு எழுவாய், போனில் எவ்வளவு நேரம் இருப்பாய், வீட்டில் யாரிடம் மனம்விட்டுப் பேசுவாய் என்று வரிசையாகப் போய், கடைசிக் கேள்வி இப்படி நின்றது: உன் வகுப்பில் உனக்கு நெருக்கமான மூன்று பேரின் வரிசை எண்ணை எழுதுக.

பேர் எழுத வேண்டாம், மேலே உங்கள் வரிசை எண் மட்டும் போதும் என்று அந்த அக்கா தொண்டை வறளச் சொன்னாள். யார் கேட்டது? பாதிப் பேர் பிள்ளையார் சுழி போட்டு, பேர், வகுப்பு, தேதி எல்லாம் எழுதி, மார்ஜினும் மடித்துவிட்டார்கள். பரீட்சை எழுதியே பழகிய கை, வேறென்ன செய்யும்.

வெங்கடேஸ்வரி கடைசிக் கேள்வியில் வெகுநேரம் நின்றாள். பிறகு முதல் கோட்டில் 22 என்று எழுதினாள். அது முனீஸ்வரியின் எண். ஆகஸ்டில் ஒருநாள் முனீஸ்வரி அவளிடம் காம்பஸ் வாங்கி, திருப்பித் தரும்போது "தேங்க்ஸ்டி" என்று சொல்லியிருந்தாள். அந்த 'டி' இவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மற்ற இரண்டு கோட்டுக்கும் எப்போதாவது சிரித்த இரண்டு பேரைத் தேடிப் பிடித்தாள். எழுதி முடித்ததும் நெஞ்சுக்குள் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. என் நம்பரை யாராவது எழுதியிருப்பாங்களா? ஒரே ஒரு ஆள் போதும்.

மறுநாள் மதியம் ஞானபாக்கியம் டீச்சர் அவளை லேபுக்குக் கூப்பிட்டார். அங்கே பாண்டீஸ்வரி அக்கா படிவக் கட்டுகளுக்கு நடுவில் திணறிக்கொண்டிருந்தாள். நாலு பள்ளிக்கூடத்துப் படிவம், மொத்தம் அறுநூறு. இந்தக் கடைசிக் கேள்விக்கு வந்த எண்களையெல்லாம் பெரிய தாளில் கட்டம் போட்டு ஏற்ற வேண்டும்.

"இவ கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். இவ எழுதட்டும்" என்றார் டீச்சர்.

"இல்ல டீச்சர், யாரு யாரை எழுதுனாங்கன்னு பிள்ளைங்க பாக்கக்கூடாது. வெளிய தெரிஞ்சா சண்டை வந்துரும்."

"இவளா? இவ யார்ட்டயும் சொல்ல மாட்டா. சொல்றதுக்கு இவளுக்கு ஆளே கெடையாது" என்று சொல்லி டீச்சர் சிரித்தார். நல்ல மனசோடுதான் சிரித்தார், அதுதான் கொடுமை. அக்கா சிரிக்கவில்லை. வெங்கடேஸ்வரியை ஒரு நிமிஷம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "உக்காரும்மா" என்று பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

செய்யக்கூடாத காரியம் என்று அக்காவுக்குத் தெரியும். அறுநூறு படிவத்தைப் பார்த்த மலைப்பு, யோசிக்க விடவில்லை.

எழுதிக்கொண்டே அக்கா கேட்டாள், இவள் பதில் சொன்னாள். ஆலங்குளத்தில் குவாரியில் வெடி வைக்கிற நேரத்தில் வகுப்பில் எல்லாரும் காதைப் பொத்திக்கொள்வார்கள் என்பதைச் சொன்னாள். அங்கே இவளோடு படித்தவர்கள் ஆளுக்கொரு ஊருக்குப் போய்விட்டதைச் சொன்னாள். பத்து நிமிஷத்துக்கு மேல் தான் ஒருத்தியே பேசிக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்தபோது அவளுக்கே வெட்கமாகப் போயிற்று. "நல்லாத்தானே பேசுத, பொறவென்ன?" என்றாள் அக்கா. பிறகு தலைமையாசிரியையிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று எழுந்து போனாள்.

அக்கா இருக்கிற வரைக்கும் கட்டம் மட்டும் போட்டுக்கொண்டிருந்தவள், இப்போது 'சி' பிரிவுக் கட்டைப் பிரித்தாள். முதல் படிவத்தில் 41 இல்லை. இரண்டாவதில் இல்லை. பத்து தாண்டியும் இல்லை. அடுத்து முனீஸ்வரியின் படிவம் வந்தது. அதில் 21, 23 என்று இரண்டு எண்தான் இருந்தது, மூன்றாவது கோடு வெறுமனே கிடந்தது. வேறு யாரையாவது எழுதியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. இடம் காலியாக இருந்தும், உட்கார வைக்க இவள் ஞாபகம் வரவில்லையே.

நாற்பது படிவமும் முடிந்தது. சந்தேகத்துக்கு இன்னொரு தரம் புரட்டினாள். 41 என்ற எண் எங்கேயுமே இல்லை. இந்தத் தாளை அக்கா எடுத்துக்கொண்டு போவாள், கம்ப்யூட்டரில் ஏற்றுவாள், யார் யாரோ படித்த பெரிய மனுஷர்கள் பார்ப்பார்கள். நாற்பத்தொன்றுக்கு நேராக ஒரு சைபர் நிற்கும். யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று அச்சிலேயே வந்துவிடும்.

என்ன செய்வாள் பாவம். முனீஸ்வரியின் வெற்றுக் கோட்டில், எண்ணைக் கொஞ்சம் சாய்த்து, 41 என்று எழுதினாள். ஒன்று போதும் என்றுதான் நினைத்தாள். ஆனால் இன்னும் இரண்டு படிவத்திலும் கோடு காலியாக இருந்தது, கை கேட்கவில்லை. அப்புறம் படிவத்தில் இருந்ததை இருந்தபடியே பெரிய தாளில் ஏற்றினாள். அச்சு மாதிரிக் கையெழுத்து. அக்கா திரும்பிவந்து பார்த்து, "எம்புட்டு சுத்தமா எழுதிருக்க" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

கேட்டால் சிரிப்பீர்கள், அடுத்த சில நாட்கள் அவள் சந்தோஷமாகவே இருந்தாள். தானே எழுதியது என்று தெரியும். இருந்தாலும் மூன்று பேர் எழுதிய பிள்ளை மாதிரியே நடந்தாள். ஒருநாள் முனீஸ்வரியைப் பார்த்துத் தைரியமாகச் சிரிக்கவும் செய்தாள். முனீஸ்வரி திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தாள். அங்கே யாரும் நிற்கவில்லை.

மூன்று வாரம் கழித்து பாண்டீஸ்வரி அக்கா மறுபடி வந்தாள். லேபில் வைத்துவிட்டுப் போயிருந்த படிவக் கட்டுகளை ஆட்டோவில் ஏற்ற வெங்கடேஸ்வரியைத்தான் கூப்பிட்டார்கள். லேப் வாசலில் நின்று அக்கா டீச்சரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஆராய்ச்சியில அடுத்த கட்டம் இதுதான் டீச்சர். யாருமே எழுதாத பிள்ளைங்க மட்டும். 'ஏ' பிரிவுல ரெண்டு பேரு, 'பி' பிரிவுல மூணு பேரு. சனிக்கிழமை சனிக்கிழமை வந்து அவங்ககூட ரெண்டு மணி நேரம் உக்காந்து பேசப் போறேன். பன்னெண்டாவது முடிக்கிற வரைக்கும்."

"எங்க 'சி' பிரிவுல?"

"ஒருத்தர்கூட இல்ல டீச்சர். உங்க கிளாஸ்ல எல்லாருக்கும் ஆள் இருக்கு."

டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க பிள்ளைக அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு, மணி அடித்ததும் வகுப்புக்குப் போனார்.

கட்டைச் சுமந்துகொண்டு வெங்கடேஸ்வரி கூடவே நடந்தாள். "அந்தப் பிள்ளைககூட என்னக்கா பேசுவீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நான் என்னத்தப் பேச? அவங்க பேசுவாங்க, நான் கேப்பேன். அம்புட்டுதான்."

ஆட்டோவில் கட்டுகளை அடுக்கியதும் அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். இதெல்லாம் சொல்லக்கூடாது, ஆனா நீ சந்தோசப்படுவ. அன்னைக்கு உங்க டீச்சர் அப்படிச் சொன்னாங்கல்ல, எனக்கு மனசே ஆறல. பஸ்ல போகும்போதே என் நோட்டுல மொத ஆளா உன் பேரைத்தான் எழுதி வச்சேன். கணக்கு எப்படி வந்தாலும் இந்தப் பிள்ளைகூட உக்காந்து பேசணும்னு. பொறவு பாத்தா உன்னய மூணு பேரு எழுதிருக்காங்க. உன் பேரை அடிச்சிட்டு அந்த எடத்துல வேற பிள்ளையப் போட்டுட்டேன். எனக்கு எம்புட்டு நிம்மதி தெரியுமா?"

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அந்த மூணையும் நான்தான்க்கா எழுதினேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ஆனால் சொன்னால் அறுநூறு படிவமும் பாழ். அக்காவின் முகத்தில் இருந்த நிம்மதியும் போய்விடும். போன பிறகு அந்த முகம் தன்னை எப்படிப் பார்க்கும் என்று நினைத்தபோது அவளுக்குப் பயமாக இருந்தது.

"அப்படியாக்கா" என்றாள்.

"பின்ன? அவங்க யாருன்னு கேக்காத, அதைச் சொல்ல மாட்டேன். வாரேம்மா."

ஆட்டோ கேட்டைத் தாண்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் திரும்பியது. தன் பேரை ஒரு ஆள் தானாக எழுதியிருந்தாள், அதைத் தானே அடிக்க வைத்துவிட்டோம் என்பது வெங்கடேஸ்வரிக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. வகுப்பில் டீச்சர் வருகை எடுத்துக்கொண்டிருந்தார். நாற்பத்தொன்று என்று கூப்பிட்டபோது அவள் வாசலில் நின்று, "உள்ளே வரலாமா டீச்சர்" என்று கேட்டாள்.